எந்நாளும் சுத்தமானவள்

எனக்கு நோய் இருந்த பதினாலு வருஷமும் எங்கள் தெருவே அதை நன்றாக அனுபவித்தது. இப்படிச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். வரட்டும். அவளுக்குக் கோபம் வரக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்த காலம் முடிந்துவிட்டது.

விழுப்புரம் மாவட்டத்து வல்லம் பக்கம் எங்கள் ஊர். ஊருக்கு ஒரு மாரியம்மன், எங்கள் காலனிக்கு ஒரு மாரியம்மன். காலனி அம்மனுக்கு ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் ஊற்றுவார்கள். அதில் முதல் அண்டா எங்கள் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அது எங்களுக்கு உள்ள ஒரே மரியாதை என்பதால் அப்பா அதை உயிராக வைத்திருந்தார். அந்தக் கூழைக் கிண்டும் பெண் சுத்தமாக இருக்க வேண்டும். அதாவது, காப்பு கட்டிய நாளிலிருந்து கூழ் ஊற்றும் நாள் வரை அவளுக்கு மாதவிலக்கு வரக்கூடாது. வந்துவிட்டால் ‘தூரம்’ என்று பின்னறையில் உட்கார வைத்துவிடுவார்கள். அடுப்பங்கரையின் நிழலைக்கூட மிதிக்கக் கூடாது.

மற்ற வீடுகளில் பெண்கள் ஆனி மாதமே விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கவலை இல்லை. நான் இருந்தேன். பதின்மூன்று வயதில் வயதுக்கு வந்தேன். அதற்குப் பிறகு வருஷத்துக்கு மூன்று முறை வந்தது, பிறகு இரண்டாகக் குறைந்தது. முதலில் அம்மா கொஞ்சம் பயந்தாள் என்றுதான் நினைக்கிறேன். பதினாறு வயதில் ஒரு ஆடிக்கு அவளுக்கே தூரம் வந்துவிட, வேறு ஆளில்லாமல் துடுப்பை என் கையில் கொடுத்தார்கள். கூழ் நன்றாக வந்தது. அதோடு அம்மாவின் பயம் போய்விட்டது.

“எம் பொண்ணுக்கு அம்மன் குடுத்த வரம். எந்நாளும் சுத்தமா இருப்பா” என்று அவள் குழாயடியில் சொல்லிக்கினு இருந்ததை நானே கேட்டிருக்கிறேன். என் காது படத்தான் சொன்னாள். பெருமையாம்.

வரம் என்று தெரிந்ததும் தெரு சும்மா இருக்குமா? என்னை இரவல் வாங்க ஆரம்பித்தார்கள். புதுவீட்டுக்குப் பால் காய்ச்ச நான், பால்குடம் எடுக்க ஒரு ஆள் குறைந்தால் நான், பந்தக்காலுக்கு மஞ்சள் பூச நான். “அந்தப் பொண்ணக் கூப்புடு, அதுக்கு எப்பவும் ஒண்ணும் இருக்காது” என்பார்கள். ஒன்றும் இருக்காது! இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு ஏன் ஒன்றும் இருக்காது என்று அந்த வாயெல்லாம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போது மட்டும் இந்த வரத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று அம்மா எல்லோரையும் கேட்டுக்கொண்டாள். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். வரம் என்றால் அதை ஏன் மறைக்க வேண்டும்?

மற்றவர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. என்னையும் திட்டத்தான் வேண்டும். நான் திண்டிவனத்தில், மேம்பாலத்துக்குக் கிட்டே ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிப்பது என் வேலை. சினைப்பை இரண்டும் பெரிதாக இருக்கின்றன, ஓரத்தில் சின்னச் சின்ன நீர்ப்பைகள் மாலை கோத்த மாதிரி நிற்கின்றன என்ற வரியை ஒரு நாளைக்கு நாலு பேருக்காவது அடிப்பேன். கம்ப்யூட்டரில் அதற்குத் தனி ஃபார்மட்டே வைத்திருக்கிறேன், பேரையும் வயதையும் மாற்றினால் போதும். ஐந்து வருஷம் அதை அடித்த என் விரலுக்கு இது நம் கதைதானே என்று உறைக்கவில்லை. முகவாயில் முடி முளைத்தால் பியூட்டி பார்லருக்குப் போய் நூல் போட்டுக்கொண்டேன். கழுத்துப் பின்பக்கம் கறுத்ததற்குக் கடலைமாவு தேய்த்தேன். உடம்பு ஏறியதற்கு உட்கார்ந்தே செய்யும் வேலையைக் குறை சொன்னேன். எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் காரணம் வைத்திருந்தேன், அவ்வளவு புத்திசாலி.

போன வருஷம் ஆனிக் கடைசியில் மயிலத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்லூரிப் பெண். கூட வந்த அவள் அம்மா டாக்டரிடம், “மூணு மாசமா வரல சார், எனக்குத் தூக்கமே இல்ல” என்று அழுதாள். மூன்றே மாதம். அதற்கு ஒரு தாய் அழுகிறாள். நான் அடித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அந்த அம்மாளைப் பார்த்தேன். எனக்கு அவள் மேல் எரிச்சலாக வந்தது. பொறாமை என்று ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் டாக்டரிடம் கேட்டேன். “சார், எனக்கும் ஒரு தடவ பாத்துடுங்க.”

“கடைசியா எப்ப வந்துச்சு?”

“கார்த்திகை தீபத்துக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, தினமும் மற்றவர்களிடம் ‘அடக்கிக்கிட்டு இருங்கம்மா’ என்று அதட்டுகிற நான் அன்றைக்கு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் பக்கத்தில் நிற்க, வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார். வழக்கம்போல ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். அடிக்க ஆளில்லை, ஆள் படுத்துக் கிடந்தது. சினைப்பை பற்றி அவர் சொன்ன வரிகள் எனக்கு மனப்பாடம். கருப்பையின் உள்சுவர் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு முறை அளந்தார்.

“பதினெட்டு மில்லிமீட்டர் தடிச்சிருக்கு. விழுப்புரத்துல ஒரு லேடி டாக்டர் பேர் தர்றேன். இந்த வாரமே போ” என்று தமிழில் சொன்னார். அவர் தமிழில் சொன்னதுதான் பயமுறுத்தியது.

விழுப்புரம் டாக்டரம்மா அதிகம் பேசுகிற ரகமில்லை. தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, ஆண் ஹார்மோன் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய சிறுநீரும் கேட்டார். நான் முறைத்தேன். “கல்யாணம் ஆனவ, ஆகாதவன்னு பாக்கமாட்டேன்மா. மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் பாப்பேன்” என்றார். முறைத்தது வீண் என்று புரிந்தது.

ரிசல்ட் வந்த பிறகு ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். ஊரில் ‘நீர்க்கட்டி’ என்கிறார்களே, அது கட்டியே இல்லை. மாதா மாதம் சில முட்டைகள் வளரத் தொடங்கும், அதில் ஒன்று முற்றி வெளியே வரும். எனக்குத் தொடங்கியவை பாதியிலேயே நின்றுபோகின்றன. அப்படி நின்றுபோன பைகள்தான் ஸ்கேனில் வரிசையாகத் தெரிகின்றன. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அது சினைப்பையை உசுப்பிவிட்டு ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. முடியும் கழுத்துக் கறுப்பும் அதனால்தான். குடும்ப வாகும் உண்டு, உடல் எடையும் உண்டு. யார் சாபமும் இல்லை, நான் செய்த பாவமும் இல்லை. ஸ்கேனை மட்டும் வைத்து இதை முடிவு செய்யவும் கூடாது, தேதி தவறுவதையும் முடியையும் ரத்தத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். ஐந்து வருஷம் ஸ்கேன் ரிப்போர்ட் அடித்தவளுக்கு இது நல்ல குட்டு.

“முட்டை வெளிய வந்தாத்தான் உள்சுவரை உதிர வைக்கிற ஹார்மோன் சுரக்கும். உனக்கு வரலை. அதனால அது வளர்ந்துக்கிட்டே போகுது. இப்படியே வருஷக்கணக்கா விட்டா புற்றுநோய் வரைக்கும் போகலாம். பத்து நாள் மாத்திரை தர்றேன். நிறுத்தினதும் ரெண்டு மூணு நாள்ல, மிஞ்சினா ஒரு வாரத்துல வந்துடும். அப்புறம் மறுபடி ஸ்கேன். அப்பவும் தடிப்பு குறையலைன்னா உள்ளேருந்து சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். உடனே ஆரம்பி” என்றார்.

பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். “இத்தனை வருஷமா யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலியா?”

“எல்லாருக்கும் சௌகரியமா இருந்துச்சி டாக்டர்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்கிற பொறுமை எனக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், புற்றுநோய் என்ற சொல் உட்பட. அவள் மல்லாட்டைத் தோலை உடைத்து வேர்க்கடலையை உரித்துக்கொண்டே கேட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“மாத்திர போட்டா எத்தினி நாள்ல வரும்?”

“திங்கக்கெழம ஆரம்பிச்சா அடுத்த புதன் வரைக்கும் மாத்திர. அப்புறம் மூணு நாலு நாள்ல.”

அவள் விரல் மடக்கினாள். புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஞாயிறில் விரல் நின்றது.

“அய்யய்யோ, கூழ் அன்னிக்கா? வேணாம், வேணாம். கூழு முடிஞ்சி போட்டுக்க.”

“டாக்டர் ஒடனே போடச் சொல்றாங்கம்மா.”

“பதினாலு வருசமா இருந்ததுக்குப் பதினஞ்சி நாள்ல இன்னாடி ஆயிடப் போவுது? உங்கண்ணிக்கு அந்த வாரந்தான் தேதி. எனக்கு முட்டிவலி, அண்டாகிட்ட நிக்க முடியாது. வேற யாரு இருக்காங்க? நல்ல நாளும் அதுவுமா பேஜாரு பண்ணிக்கினு.”

உரித்த மல்லாட்டையில் சொத்தையைப் பொறுக்கிப் போட்டாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்த நேரத்தில் எனக்கு அவள் மேல் வந்தது கோபம் இல்லை, வெறுப்பு. பெற்றவளை வெறுக்கலாமா என்று கேட்பவர்கள் என் இடத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

என் அண்ணி, அண்ணன் பெண்டாட்டி, எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. அவளுடைய முதல் ஆடியில், அம்மனைப் பார்க்க முடியாமல் போய்விடும் என்று அம்மாவே மெடிக்கல் ஷாப்பில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். சீட்டு இல்லை, டாக்டர் இல்லை, தண்ணீரோடு நீட்டினாள். அண்ணிக்குத் தாங்கமுடியாத தலைவலி, நிறுத்திய பிறகு ஒரே ரத்தப்போக்கு. அன்றிலிருந்து மாத்திரை என்றாலே அவள் கையெடுத்துக் கும்பிடுவாள். வேடிக்கை என்னவென்றால், அவளுக்குத் தள்ளிப்போடக் கொடுத்ததும் எனக்கு வரவைக்கக் கொடுத்ததும் ஒரே இனத்து மருந்து. சாப்பிடும் வரை தடுத்து நிறுத்தும், நிறுத்தினால் இறங்கும். அம்மாவுக்கு மாத்திரையோடு எந்தப் பகையும் இல்லை. அது யாருக்கு வேலை செய்கிறது என்பதுதான் அவளுடைய கணக்கு.

“சரி, கூழ் முடிஞ்சி போடறேன்” என்று அம்மாவிடம் சொன்னேன். திங்கட்கிழமை மத்தியானம் ஸ்கேன் சென்டரில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் விரல் மடக்கத் தெரியும். நோய்க்காகப் போட்டேனா, பழிக்காகப் போட்டேனா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். பயம் இருந்தது. பயத்தைவிட, அந்த ஞாயிற்றுக்கிழமை சரியாக வரவேண்டுமே என்ற ஆசை அதிகமாக இருந்தது. வெள்ளிக்கிழமை அப்பா கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு வந்தபோது என் பையில் பாதி அட்டை காலியாகியிருந்தது. புதனோடு அட்டை முடிந்தது. வெள்ளியன்று அண்ணிக்குத் தேதி வந்து பின்னறைக்குப் போனாள். சனிக்கிழமை எனக்கு இடுப்பு வலித்தது, வேறொன்றும் இல்லை. அம்மன் ஜெயித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை குளித்து, ஈரத் தலையோடு அடுப்பு மூட்டினேன். நொய் வெந்து, புளிக்க வைத்த கேப்பை மாவை ஊற்றிக் கிண்ட ஆரம்பித்திருந்தேன். வாசலில் அப்பா வேப்பிலையோடு நின்றார். பம்பைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தெருப் பெண்கள் குடத்தோடு வேலியோரம் கூடியிருந்தார்கள். அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிந்தது மாதிரி இருந்தது. காலோடு இறங்குவது தெரிந்தது.

“ம்மா, வந்துடுச்சி” என்றேன், மெதுவாகத்தான்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கத்துவாள், அடிப்பாள், அம்மன் பேரைச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் என் காதருகே வந்தாள்.

“யாருக்குத் தெரியப் போவுது? ஜல்தியா உள்ள போயி துணி வெச்சிக்கினு வந்து கிண்டு. அடிபுடிக்குது பாரு.”

இதை மட்டும் நான் எதிர்பார்த்திருக்கவில்லை. தீட்டு நிஜமாகவே தீட்டு என்று அவள் நம்பியிருந்தால்கூட நான் கொஞ்சம் மன்னித்திருப்பேன். நம்பிக்கைக்காக என்னை விட்டுவிட்டாள் என்று ஆறுதல்பட்டிருப்பேன். இப்போது அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. அண்டா போனால் போதும். பின்னறையில் அண்ணி ஒரு சொம்புத் தண்ணீருக்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால்தான் அவள் உள்ளே இருந்தாள்.

துடுப்பை அண்டாவின் மேல் வைத்தேன். வாசலைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

“அப்பா, எனக்கு ரத்தம் வந்துடுச்சி. நான் கிண்ட முடியாது.”

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் எந்த ஆணின் முன்னாலும் எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. அப்பா தரையைப் பார்த்தார். வேலியோரம் ஒரு குடம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அம்மா என் தோளில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். பின்னறையில் அண்ணி சிரித்தாள். அடக்க முயன்றும் முடியாத சிரிப்பு.

அப்பா வேப்பிலையைப் பம்பைக்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து துடுப்பை எடுத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. அவருக்குக் கிண்டத் தெரியவில்லை, கட்டி கட்டியாக விழுந்தது. ஆனாலும் ஆண் கிண்டினால் ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் அவர் கை சும்மாதான் இருந்திருக்கிறது.

எட்டு நாள் ரத்தம் போனது. மூன்றாம் நாள் பயந்து விழுப்புரத்துக்குப் போன் செய்தேன். இவ்வளவு நாள் சேர்ந்தது அப்படித்தான் போகும், ஒரு மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால் உடனே கிளம்பி வா என்றார் டாக்டரம்மா. அந்த அளவுக்குப் போகவில்லை. மறுபடி ஸ்கேனில் ஆறு மில்லிமீட்டர். சதை எடுக்க வேண்டியதில்லை என்றார். சர்க்கரைக்காரர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்றைத் தினமும் போடச் சொன்னார், மாதா மாதம் இறங்க இன்னொன்று. இது ஒரேயடியாகக் குணமாகிப் போகிற சமாச்சாரம் இல்லை, கட்டுக்குள் வைத்துக்கொள்ளத்தான் முடியும் என்றார். தினமும் காலையில் வல்லம் ரோட்டில் நடக்கிறேன். ‘யாரைப் பார்க்க இந்த நடை’ என்று கேட்கிறார்கள். நான் நடந்துகொண்டே இருக்கிறேன்.

அந்த ஆடியில் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டது. காரணம் நான்தான். கூழ் கட்டி தட்டியதற்கும் நான்தான். இப்போது யாரும் என்னைப் பால் காய்ச்சக் கூப்பிடுவதில்லை. அம்மா மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினெட்டு ஆறானதை அண்ணியிடம் சொன்னேன், அண்ணனிடம் சொன்னேன். அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த வருஷம் ஆனி பிறந்ததும் ஒரு நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு ரொம்பத் தயங்கிக் கேட்டாள்.

“உனுக்கு இப்பல்லாம் மாசம் எந்தத் தேதியில வருது?”

பதினைந்து வருஷத்தில் அவள் என் தேதியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. என் உடம்புக்காகக் கேட்கிறாள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

“ஆடி மூணாவது ஞாயிறு சுத்தமா இருப்பியான்னு உங்கப்பா கேக்கச் சொன்னாரு” என்றாள்.

என் தேதிக்கும் அந்த ஞாயிற்றுக்கும் சரியாகப் பன்னிரண்டு நாள் இடைவெளி இருந்தது. நான் எழுந்து பையை மாட்டிக்கொண்டேன்.

“அன்னிக்குத்தாம்மா வருது. இனிமே எல்லா வருசமும் அன்னிக்குத்தான்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.